நாலாம் ரோலரின் சாவி

“எனக்கு ஒரு ஆள் வேணும், சார். மேனேஜர் வேலையைச் சொல்லிக்கொடுக்கிற ஆள். ஒரு மாசம் கூட நிக்கணும்.”

இதை மட்டும் மேலே போய்க் கேட்டுவிடாதே என்று அவளுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். போன மாதம் மேனேஜர் பதவியை அவளுக்குக் கைமாற்றிவிட்டுப் போன மீசைக்காரர், சாவிக்கொத்தை அவள் கையில் போட்டபோது நடத்திய ஒரே பாடம் அதுதான். “ட்ராலி கேளு, ஃபேன் கேளு, எது வேணா கேளு. தெரியல, ஆள் கொடுங்கன்னு மட்டும் கேட்டுடாதே. கேட்ட அன்னிக்கே உன் நாற்காலி காலி.” சொல்லிவிட்டுத் தன் டீ கப்பைக்கூட மறக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜி.எம். கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. அவருடைய கண்ணாடி அறைக்குக் கீழே சலவைக்கூடம் இயங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து, வெளுத்து, கொதிக்கும் ரோலர்களுக்கு நடுவே புகுந்து, மடிப்புக் கலையாமல் வெளியே போகும் இடம். அங்கே பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. இங்கேயோ ஏசியின் முனகல் மட்டும்தான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கீழே ஒருத்தி தொண்டை கிழியக் கத்தினாலும் இங்கே இருப்பவருக்கு வாய் திறந்து மூடுவது மட்டும்தான் தெரியும்.

“மேனேஜருக்கு ஒரு மேனேஜரா?” ஜி.எம். சிரித்தார். “அவனுக்கும் தெரியலன்னா அவனுக்கு ஒரு மேனேஜர். அப்புறம் துணி தேய்க்க யாரும்மா இருப்பாங்க?”

அவள் சிரிக்கவில்லை. மேல்சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள்.

பருத்திக் கையுறை. ரோலருக்குள் போய் வெளியே வந்த கையுறை. ஐந்து விரலும் விரிந்து, காகிதம் போலத் தட்டையாக, ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது.

காலையில் அது வெளியே வந்தபோது, உள்ளே கை இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

குடும்பத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கூடத்தில் எல்லோரும் அவளை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். மேனேஜர் ஆகும்வரை விரிப்புகளை எண்ணி வாங்கும் மேசையில்தான் இருந்தாள். அங்கிருந்து தூக்கி நேராக இந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். மேனேஜர் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. தெரியாததால் எல்லார் வேலையையும் தானே இழுத்துப்போட்டுச் செய்தாள். ட்ராலி தாமதமானால் தள்ளினாள், ஆள் வராவிட்டால் விரிப்பு மடித்தாள். “மேனேஜர்னா நிக்கிற வேலைன்னு நினைச்சேன். நீ என்னடி, நாய் மாதிரி ஓடுறே?” என்று நாலாம் ரோலரை ஓட்டும் அக்கா கிண்டல் செய்தாள். கூடப்பிறந்த அக்கா. இவள் படிப்பதற்காக எட்டாம் வகுப்போடு நின்றவள்.

இன்று காலை நாலாம் ரோலர் சும்மா நின்றது. பக்கத்தில் ஆளைக் காணோம். சாவித் துவாரத்தில் சாவியும் இல்லை. கையிலிருந்த போனில் ஜி.எம். அலறினார். “நாலு ஏன் நிக்குது? வாசல்ல லாரி நிக்குது, உனக்குக் கண்ணு தெரியலயா?” அவள் பதறிப்போய்க் கொத்தைத் துழாவினாள். நாலு என்று எழுதிய சாவி அதில் இருந்தது. போட்டாள். திருகினாள்.

விரிப்பு சிக்கினால், ரோலர் ஓட்டுபவர் சாவியைப் பிடுங்கிக் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய் உள்ளே கையை விடுவார். சாவி கழுத்தில் இருக்கும்வரை மெஷின் செத்த பிணம். ரோலரில் நிற்கும் எல்லோருக்கும் அது மூச்சு விடுவது மாதிரி. அவர்களுக்குள் அதைச் சொல்லிக்கொள்ளவே தேவையில்லை. எண்ணும் மேசையில் இருந்தவளுக்கு யார் சொல்வார்கள்?

ரோலருக்குப் பின்னாலிருந்து அக்காவின் அலறல் கேட்டுச் சிவப்புப் பொத்தானை அடித்தாள். அதற்குள் கையுறை வெளியே வந்துவிட்டது.

கம்பெனி கொடுக்கும் கையுறை ஒரே அளவுதான், ஆம்பளைக் கை அளவு. அக்காவுக்கு அது தொளதொளவென்றிருக்கும். அந்தத் தொளதொளப்புதான் கையைக் காப்பாற்றியது.

பாத்ரூமில் கன்றிப்போன விரல்களைக் குழாயடியில் பிடித்துக்கொண்டு அக்கா சொன்னாள்: “யார்கிட்டயும் மூச்சு விடாதே. கேட்டா, நான்தான் சொல்லாம உள்ள போனேன்னு சொல்லிடு.”

“அக்கா, நான்தானே...”

“வாயை மூடுடி. இந்த நாற்காலியை விட்டேன்னா, உன்னை நானே அந்த ரோலர்ல விட்டுடுவேன்.” சிரிக்கத்தான் பார்த்தாள். உதடு ஒத்துழைக்கவில்லை.

ஜி.எம். இப்போது கையுறையைப் பேனா முனையால் நகர்த்திப் பார்த்தார். “கை?”

“நாலாம் ரோலர் ஓட்டுறவளோடது சார். தப்பிச்சிடுச்சு.”

“அப்புறம் என்ன?” ஒரு வெள்ளைத் தாளை அவள் பக்கம் தள்ளினார். “சொல்லாம உள்ள கை விட்டது அவ தப்பு. ஒரு மெமோ எழுது. உன் அக்காவாமே? ரொம்ப நல்லதாப் போச்சு. கூடப்பிறந்தவளுக்கே மெமோ கொடுத்தாள்னு தெரிஞ்சா, கீழ ஒருத்தன் உன்னை எதிர்த்துப் பேசமாட்டான். இதான்மா ட்ரெயினிங். இதுக்குப் போய் ஆள் கேக்கிறே!”

“அவ சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டுதான் சார் போனா. திருகினது நான். சாவி இல்லன்னா உள்ள ஆள் இருக்குன்னு எனக்கு ஒருத்தரும் சொல்லல.”

“நீ கேட்டிருக்கணும்.”

“கேக்காதேன்னுதானே சார் பழைய மேனேஜர் சொல்லிட்டுப் போனார்?”

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. மேசை இழுப்பறையைத் திறந்தார். “சரி, பேசிப் பேசி லாரி போயிடும். முதல்ல நாலை ஓட்டு.” ஒரு வளையத்தை எடுத்து மேசையில் போட்டார். அதில் எல்லா ரோலருக்கும் ஒவ்வொரு சாவி கோத்திருந்தது.

தன் கொத்தில் இருப்பது ஒன்றுதான் மாற்றுச்சாவி என்று அவள் நினைத்திருந்தாள். இங்கே இன்னொன்று, இந்தச் சத்தம் கேட்காத அறையில். யாரிடமாவது கொடுத்து ‘போய் ஓட்டு’ என்றால் போதும்.

கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தாள். நாலாம் ரோலருக்குப் பின்னால் அக்கா குனிந்திருந்தாள். ஒரு கையில் ஈரத்துணி சுற்றியிருக்க, மறு கையை உள்ளே விட்டு, மிச்சமிருந்த விரிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். சாவி கழுத்தில் இருக்கிற தைரியத்தில் முகத்தையும் ரோலருக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள். இப்போது இந்த வளையத்தோடு ஒருவன் படியிறங்கிப் போனால்?

“எடுத்துக்கோ. நீயே போய்த் திருகு,” என்றார் ஜி.எம். “பயம் தன்னால போயிடும்.”

அவள் வளையத்தை எடுத்தாள்.

“சபாஷ்! இதான் மேனேஜர்,” என்று அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

அவள் தன் கொத்திலிருந்து ஆபீஸ் சாவியையும் ஸ்டோர் சாவியையும் கழற்றினாள். இரண்டையும் எழுதாத மெமோ தாளின்மேல் வைத்தாள்.

“என்ன இது?”

“இது உங்களுக்கு. ரோலர் சாவி எல்லாம் கீழ போகுது சார், ஓட்டுறவங்க கழுத்துக்கு. திருகினது நான்தான்னு அங்கயும் சொல்லப்போறேன். எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வர்ற வரைக்கும் நாலு ஓடாது.”

“உனக்கு வேலை போயிடும், தெரியுமா?”

“தெரியும் சார்.”

தட்டையான கையுறையை அங்கேயே விட்டுவிட்டாள். அவர் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். கதவைத் தள்ளியதும் கூடத்தின் இரைச்சல் முகத்தில் அறைந்தது. நாற்காலி போனதற்கு அக்கா கொன்றே போடுவாள். சாவிகள் உள்ளங்கையில் குத்தக் குத்த இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த அக்காவைப் பார்க்கத்தான் அவள் படியிறங்கினாள்.