எப்சியின் வலது கண்ணில் ஒரு குமிழி

1

இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, கட்டிக்கொண்டேன். எப்சி என் மனைவி. சேலையூரில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். போன வெள்ளிக்கிழமை அவள் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. ஏழு நாளைக்குக் குனிந்த தலை நிமிரக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பொழுது போகவில்லை, ஏதாவது எழுதிப் படித்துக் காட்டுங்கள் என்றாள். முதலில் அவளுக்கு மாளவிகா என்று பெயர் மாற்றிப் பார்த்தேன்.

"கண்ணு என்னுது, பேரு மட்டும் இன்னொருத்தியோடதா? எப்சின்னே போடுங்க."

போட்டாயிற்று.

2

முதல் தொடக்கம்: வானம் இருண்டுகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், எப்சியின் மனத்திலும்...

(வேண்டாம். காலை பத்து மணி. சுள்ளென்று வெயில்.)

இரண்டாவது: கேம்ப் ரோடு பக்கத்தில் ஒரு மாணவிக்குப் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்த எப்சி, வலது ஓரத்தில் கறுப்பாக ஏதோ தொங்குவதைப் பார்த்தாள். ஹெல்மெட் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துப்பட்டாவால் துடைத்தாள். மூன்று நாள் துடைத்தாள். நான்காம் நாள் ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும் கறுப்பு அங்கேயே இருந்தது.

இடது கண் அவளுக்குச் சிறு வயதிலிருந்தே மங்கல். ஓட்டுவது, சொல்லிக்கொடுப்பது எல்லாமே வலது கண்ணை நம்பித்தான். அது போனால் வண்டியும் போச்சு, தொழிலும் போச்சு. எப்சி பயந்துபோனாள். நான் அவளைவிட அதிகமாகவே பயந்தேன்.

3

விழித்திரை கிழிந்து, அந்த ஓட்டை வழியாக நீர் புகுந்து, ஓதம் ஏறிய சுவரில் பெயிண்ட் உரிவதைப் போலத் திரை உரிந்துவிட்டிருந்தது. டாக்டர் அபிகாயில் மூன்று வழி சொன்னார். கண்ணைச் சுற்றி வெளியே ஒரு சிலிக்கான் பட்டை கட்டி அழுத்தலாம். அல்லது உள்ளே இருக்கும் கூழை எடுத்துவிட்டு வாயு நிரப்பலாம். வாயுவுக்குப் பதில் எண்ணெயும் நிரப்பலாம், ஆனால் அதைப் பிறகு வெளியே எடுக்க இன்னொரு ஆபரேஷன்.

எப்சிக்கு வாயு. கிழிசலைச் சுற்றி லேசர் வைத்தாயிற்று; அது பிடிக்கும்வரை வாயுக் குமிழி திரையை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். குமிழி எப்போதும் மேலேதான் ஏறும். கிழிசலோ கண்ணின் பின்பக்கம். ஆகவே முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும்.*

* இதை இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். "என்னமோ நீங்களே ஆபரேஷன் பண்ண மாதிரி பீத்திக்காதீங்க" என்றாள். வெட்டிவிட்டேன்.

4

திங்கட்கிழமை எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஜெபிக்க வந்தார்கள். ரோஸி அக்கா தலைமையில் ஐந்து பேர். எப்சி சாப்பாட்டு மேஜைமேல் தலையணை போட்டு நெற்றியை வைத்திருந்தாள். ஜெபத்தில் இருக்கிறாளாக்கும் என்று ஐந்து பேரும் சத்தமில்லாமல் முழங்காலில் நின்றார்கள். எப்சிக்குத் தெரிந்தது தரையில் பத்து முழங்கால். மௌன ஜெபம் போலிருக்கிறது என்று அவளும் அசையவில்லை. அவள் முடிப்பாள் என்று அவர்கள், அவர்கள் முடிப்பார்கள் என்று இவள். நான் போட்ட டீ ஆறிப்போனது, மறுபடியும் சூடு பண்ணினேன். இருபத்தைந்து நிமிஷம்.

கடைசியில் ரோஸி அக்கா மெல்லக் கேட்டார்: "எப்சி, சீக்கிரமா ஒரு ஆமென் சொல்லிடும்மா. முட்டி போச்சு."

"நீங்க சொல்லுவீங்கன்னுதானே அக்கா நான் காத்துக்கிட்டிருக்கேன்."

வீடே சிரித்தது. எப்சியும் குனிந்தபடியே

("பொய் எழுதாதீங்க" என்றாள். நிறுத்திவிட்டேன்.)

எப்சி தலையை நிமிர்த்திச் சிரித்தாள். நாலு செகண்ட் இருக்கும். சட்டென்று சிரிப்பு நின்றது.

"குமிழி நகர்ந்திருக்குமாங்க?"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "நாலு செகண்டுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது சார். ஆனா அதையே வழக்கமாக்கிட வேணாம்" என்றார் நர்ஸ் ஷீலா. என்றாலும் எப்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

5

இன்று புதன். வெள்ளிக்கிழமை செக்கப். திரை ஒட்டியிருக்கிறதா என்று அன்றைக்குத் தெரியும்.

முடிவு அ: ஒட்டிவிட்டது. குமிழி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எப்சி ஸ்கூட்டர் சாவியைத் தேடுகிறாள்.

முடிவு ஆ: ஒட்டவில்லை. மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர். இந்தத் தடவை எண்ணெய்.

இரண்டையும் படித்துக் காட்டினேன்.

"நீங்க எதை வச்சாலும் டாக்டர் சொல்றதுதானே நடக்கப்போகுது?" என்றாள், தரையிடம்.

"படிக்கிறவங்களுக்கு ஒரு முடிவு வேணுமே."

"அப்போ கடைசி வரிக்கு இடம் விட்டு வைங்க. குமிழி கரைஞ்சு பார்வை தெளிஞ்சதும் நானே எழுதுறேன்."

தெளியாவிட்டால் என்று கேட்க வாய்வரை வந்தது. அதற்குள் அவளே சொன்னாள்:

"தெளியலன்னா கோணலா எழுதுவேன். படிச்சுக்கோங்க."

இடம் விட்டிருக்கிறேன். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் தங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளலாம். பென்சிலில் மட்டும்.

.....................................................