எதிர்ச்சாரியில் நின்றவன்

தம்பியின் குரல்வளையை எடுத்துவிட வேண்டியதுதான் என்று மருத்துவர் சொன்னபோது, வண்டி நிறுத்திய சீட்டில் முத்திரை எங்கே குத்துவார்கள் என்று கேட்டாள் அக்கா. மருத்துவர் அதை அதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டார். அதிர்ச்சியாக இருந்திருந்தால் சில நாளில் தெளிந்திருக்கும். மாதங்கள் போயின. மூக்குக் கண்ணாடிக் கடையில் வழக்கம்போல் சட்டங்களுக்கு வில்லை பொருத்தினாள், வீடு திரும்பித் தம்பிக்கு எதையும் கூழாக அரைத்துக் கொடுத்தாள், படுத்ததும் தூங்கிப்போனாள். அழுகை எப்போதாவது, தும்மலைப் போல, மூக்கு நுனிவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அவ்வளவுதான்.

அலமாரிக்கு மேலே கிடந்த ஒலிநாடாக்கள் அதற்குப் பிறகுதான் அவள் நினைவுக்கு வந்தன. தம்பியின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தால் அவற்றில்தான் இருக்க வேண்டும்.

அது அவர்களுடைய இளமைக் காலத்துச் சங்கதி. அவள் பாடுவாள், தோழி ஒருத்தி டிரம் வாசிப்பாள், நெட்டையன் ஒருவன் கிதார். தெருவில் பாட அனுமதி வேண்டும். அவர்களுடைய பாட்டுகளுக்கு எவனும் அனுமதி தரமாட்டான். ஆகவே முனைக்கு முனை திடீரென்று முளைத்துப் பாடுவார்கள், காவல் வண்டி தலைகாட்டியதும் மூட்டை கட்டிக்கொண்டு சிட்டாய்ப் பறப்பார்கள். தலைகாட்டுவதை அறிவிக்கும் பொறுப்பு தம்பியுடையது. எதிர்ச்சாரியில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பான். சட்டைப் பையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கும். வண்டி திரும்பினால் ஊரே அதிரும்படி ஒரு தும்மல். குழுவில் அவனுக்குப் பெயரே 'தும்மல்'தான். ஒரே கட்டுப்பாடு, அவனுக்கும் குழுவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும். அதை அவன் கண்ணும் கருத்துமாகக் காத்தான்.

கொஞ்சம் கூடுதலாகவே காத்துவிட்டான் என்பது, நாடாக்களைச் சுத்தம் செய்து கணினியில் ஏற்றக் கொடுத்திருந்த ஒலி ஆவணக் காப்பகத்தில் தெரிந்தது.

காப்பகத்தின் சிறிய அறை முழுக்கப் பஞ்சுப் பலகை வேய்ந்திருந்தது. ஒலிப்பொறியாளன் இளைஞன், தன் வேலையில் பெருமை உள்ளவன்.

"கேட்டா அசந்துபோயிருவீங்க மேடம்" என்று முதல் பதிவைப் போட்டான்.

அவளுடைய இருபது வயதுக் குரல் அறையை நிறைத்தது. கிதார் தெளிவாக இருந்தது, டிரம் தெளிவாக இருந்தது. எதிர்ச்சாரி காலியாக இருந்தது.

"இடையில ஒருத்தர் பேசிட்டே இருப்பாரே?"

"ஐயோ, அந்த ஆளா? மைக்குக்குப் பக்கத்துலயே நின்னு தொணதொணன்னு ஒரே பேச்சு. உயிரை எடுத்துட்டாரு மேடம். பொறுக்கிப் பொறுக்கித் தூக்கிட்டேன்."

தம்பி பக்கத்து நாற்காலியில் கழுத்துத் துளையை மறைக்கும் சல்லடைத் துணியைத் தடவியபடி இருந்தான். கைப்பேசியில் தட்டி அக்காவிடம் நீட்டினான்: 'இந்தப் பையன் மட்டுமில்ல. என்னால உயிர் போனவங்க நெறைய பேரு.'

"தூக்கினதை வேற எங்கயாச்சும் வச்சிருக்கீங்களா?" அக்காவின் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

"வச்சிருக்கக் கூடாது மேடம். இங்க அப்படித்தான் வழக்கம். வழிப்போக்கர் குரல்னா, அவங்க சம்மதம் இல்லாம மூலப் பதிவுலகூட விட்டுவைக்கமாட்டோம். நாடாவும் உதிருது, ஒரே ஓட்டம்தான் தாங்குது. குழுவுல யார் யாருன்னு உங்களைத்தானே கேட்டேன்? மூணு பேருன்னு சொன்னீங்க."

சொன்னாள்தான். நாடாக்களைக் கொடுக்க வந்த அன்று இதே நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டு, டிரம், கிதார் என்று ஒப்பித்தாள். யார் கேட்டாலும் எதிர்ச்சாரியைச் சொல்லக் கூடாது என்ற பழைய கட்டுப்பாடு, கேட்காமலே நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனைக்கும் அவள் வந்ததே அவனுக்காக.

இதற்காவது நெஞ்சு பதறும் என்று காத்திருந்தாள். மூக்கு நுனி லேசாகக் கூசியது. அடங்கிவிட்டது.

"இவன் என் தம்பி. அந்தத் தொணதொணப்பு இவன்தான்."

பொறியாளன் முகத்தில் ஈயாடவில்லை. கணினியில் எதையோ துழாவிவிட்டு, "கடைசி நாடா ஒண்ணு பாக்கி இருக்கு. நேத்துதான் கணினியில ஏத்தினேன். இன்னும் கை வைக்கல" என்றான். உடனே தலையைச் சொறிந்தான். "ஆனா, நீங்க சொல்றதை மட்டும் வச்சு விட்டுட்டா மேலதிகாரி என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. இவரு குரல்தான்னு எப்படிக் காட்டுறது? பேசிக் காட்டச் சொல்லலாம்னா..." கழுத்துத் துணியைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

தம்பி தட்டினான்: 'சொல்லிப் பாருங்க. நான் ரெடி.'

பொறியாளன் சிரிப்பதா கூடாதா என்று விழித்தான். தம்பி தொடர்ந்து நிதானமாகத் தட்டி, கைப்பேசியை மேசைமேல் வைத்தான்.

'மூணாவது பாட்டுல யாராச்சும் வந்து, இவங்க யாருப்பான்னு கேப்பாங்க. நான் சொல்றது: யாருன்னே தெரியாதுங்க. அந்தப் பொண்ணுக்குச் சுருதி கொஞ்சம் முன்னப்பின்ன. ஆனா விடாமப் பாடுது பாருங்க. எல்லாத் தெருவுலயும் இதேதான்.'

"எல்லாத் தெருவுலயுமாடா?" என்றாள் அக்கா.

தம்பி கூரையைப் பார்த்தான்.

பொறியாளன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தேடினான். ஓரிடத்தில் நிறுத்தினான். பின்னால் தள்ளி மறுபடி கேட்டான். பிறகு மேசையிலிருந்த கைப்பேசியை எடுத்து, தேர்வுத் தாளைத் திருத்துபவன்போல் வரி வரியாக விரல் வைத்துப் படித்தான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டான்.

"...தெரியாதுங்க. அந்தப் பொண்ணுக்குச் சுருதி கொஞ்சம் முன்னப்பின்ன. ஆனா விடாமப் பாடுது பாருங்க."

மெல்லிய, கீச்சென்ற குரல். இத்தனை மாதமும் அவள் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த குரல் இதைவிடத் தடித்தது, யாருடையதோ. இந்தக் குரலுக்குப் பின்னால், தெருவின் அந்தப் பக்கத்தில், வண்டிச் சத்தங்களுக்கிடையே, அவளுடைய பாட்டு கடுகளவாய்க் கேட்டது. உண்மையிலேயே சுருதி விலகித்தான் இருந்தது.

"நின்னு கேட்டுட்டுப் போங்க, நல்லாத்தான் இருக்கும்" என்று அந்தக் குரல் யாரையோ பிடித்து நிறுத்தியது.

"சார்" என்றான் பொறியாளன் தாழ்ந்த குரலில். "இதை அப்படியே வச்சிர்றேன். ஒரு நொடிகூட வெட்டமாட்டேன். உங்க பேருக்கு நேரா என்ன போடட்டும்? குழுவுல நீங்க யாரு?"

தம்பி யோசிக்கவே இல்லை: 'யாருன்னே தெரியாதுங்க.'

அக்கா அந்த வரியைப் பார்த்தாள். இதற்குச் சிரிக்க வேண்டும், அல்லது அழ வேண்டும் என்று அறிவு எடுத்துச் சொல்லியது. உடம்பு மரக்கட்டையாய் உட்கார்ந்திருந்தது. பாட்டு கடைசி அடிக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது ஒலிபெருக்கி அதிர, அந்தத் தும்மல் வந்தது.

பொறியாளன் துள்ளிவிட்டான். நாடாவில் கிதார் அறுந்தது. ஓடும் கால்கள் தடதடத்தன. அறைக்குள் அக்கா, கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு காலை முன்வைத்துக் கதவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். தம்பியின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின. சிரிக்கும் மூச்சில் கழுத்துத் துணி உப்பி உப்பி அடங்கியது.

"உட்காருங்க மேடம், பதிவுதானே" என்றான் பொறியாளன்.

அவள் உட்காரவில்லை.