இருட்டறையில் தடுமாறாதவள்

1.

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் அருங்காட்சியகம் எப்படி வகுப்பறையாகிறது என்று எழுதித் தரும்படி ஓர் இதழ் கேட்டிருந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு நானும் போனேன். முதல் வரி போவதற்கு முன்பே தயார்:

"புத்தகம் சொல்வதை அருங்காட்சியகம் தொட்டுப் பார்க்கத் தருகிறது. அங்கே ஒரு மாணவி தன் உடம்பாலேயே

அதற்குமேல் பேனா ஓடவில்லை. பயந்துபோனவள் எழுதும் கட்டுரையை யார் நம்புவார்கள்? அதனால் கதை.

2.

தொடுவுணர்வைப் படிக்க அங்கே ஓர் இருட்டறை உண்டு. வளைந்து வளைந்து போகும் பாதை. சுவரில் மரப்பட்டை, சங்கிலி, கம்பளி, ஈரக் களிமண். ஐந்தைந்து பேராக உள்ளே போய், கையில் பட்டதையெல்லாம் நினைவில் வைத்து, வெளியே வந்து பயிற்சித்தாளில் எழுத வேண்டும். யாராவது விழுந்தால் தெரிவதற்காக, இருட்டிலும் படமெடுக்கும் கேமரா உள்ளே இருக்கிறது. திரையைக் கவனிக்கும் வழிகாட்டிப் பெண் எனக்கும் ஒரு நாற்காலி போட்டாள்.

"வேடிக்கையப் பாருங்கக்கா. வெளிய வாய் கிழியப் பேசுறவன்தான் உள்ள முதல்ல 'அம்மா'ன்னு கத்துவான்."

அப்படியேதான் கத்தினான். மற்றவர்களும் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, நாற்காலி தேடும் கிழவர்களைப் போல நகர்ந்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாவது குழுவில் ஒரு பெண். (முதல் வரைவில் அவள் பக்கத்து வீட்டுப் பெண். இரண்டாவதில் முன்பின் தெரியாத மாணவி. இரண்டும் பொய். அவள் என் மகள்.)

அவள் கைகளை நீட்டவில்லை. புறங்கையைச் சுவரில் லேசாக உரசவிட்டு, பாதத்தைத் தூக்காமல் தேய்த்து வைத்து, அவசரமில்லாமல் நடந்தாள். பின்னால் தடுமாறிய தோழியின் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு முன்னாடியே வந்திருக்கோ?"

"இல்ல, இதான் முதல் தடவை."

"அப்படியா? கண்ணு தெரியாத பிள்ளைங்க வர்றப்பதான் இப்படி நடந்து பார்த்திருக்கேன்." வழிகாட்டி என் பக்கம் திரும்பினாள். "உங்க பொண்ணாக்கா?"

"இல்ல" என்றேன்.

3.

[இங்கே கட்டுரைக்கு உரிய ஒரு பத்தி வர வேண்டும். மாணவர்கள் என்ன கற்றார்கள் என்பதுதான் கேள்வி. கூடப் போனவள் கற்றதை யாரும் கேட்கவில்லை.]

சாயங்காலப் பூப்பந்தாட்டத்தை மகள் ஏழு மாதம் முன்பு நிறுத்தினாள். "போரடிக்குதும்மா." மாடிப்படியை உதடசைய எண்ணி இறங்குவாள், விளையாட்டு என்று நினைத்தேன். போன மாதம் மேஜையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டபோது, "கண்ண எங்கடி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"மூஞ்சிலதாம்மா, வேற எங்க" என்று சிரித்தாள்.

இந்த வரியை மூன்று முறை அடித்துவிட்டேன். இப்போது இருக்கட்டும்.

4.

இந்தக் கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) சத்துக் குறைவுதான், மாத்திரையில் சரியாகிவிடும் என்கிறார் கண் மருத்துவர். தாயும் மகளும் வரும் வழியெல்லாம் சிரி

ஆ) மகள் கண்களைக் கட்டிக்கொண்டு நடக்கப் பழகியிருக்கிறாள், ஏதோ பந்தயத்துக்காக. (இதை எழுதியபோது அரை மணி நேரம் நிம்மதியாக இருந்தேன்.)

இ) மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு அவள் கண்ணுக்குள் பார்க்கிறார். பிறகு நாற்காலியை என் பக்கம் திருப்பி

ஈ) மகள் சொல்கிறாள்: "எனக்குத் தெரியும்மா. நீ தாங்கமாட்டேன்னுதான் சொல்லல."

நான்காவதுதான் என்னை நடுங்க வைக்கிறது. ஒரு பிள்ளை தனியாகச் சுவரைத் தடவித் தடவி இத்தனையும் கற்றிருக்கிறது, என்னைக் காப்பாற்ற. நானோ, போய்வந்து ஒன்பது நாளாகியும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உண்மையாகிவிடும். அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குக் கதையாகத் தெரிவது என்னுடைய தள்ளிப்போடல்.

5.

இதை எழுதும்போதே பள்ளியிலிருந்து வந்துவிட்டாள். அறை வாசலில், நிலைச்சட்டத்தைப் பிடித்தபடி நிற்கிறாள்.

"ஏம்மா இப்படி இருட்டுல உக்காந்து எழுதுற?"

மணி இன்னும் ஐந்தாகவில்லை. ஜன்னல் திறந்திருக்கிறது. அடித்த வரிகள் உட்பட, தாளில் ஒவ்வோர் எழுத்தும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

பதிலுக்குக் காத்திருக்கிறாள். "ஆமாண்டி, இருட்டிடுச்சு" என்ற ஒன்றுதான் என் வாய்வரை வருகிறது. உங்களிடம் வேறு வரி இருந்தால், சீக்கிரம் கொடுங்கள்.