பலகையில் ஏறிய ரத்தம்

எஸ்டேட் ஆபீஸ் வாசல் பலகையில் ஹெட் கிளார்க்கின் பெயர் இப்படி இருந்தது: "ஏ. சில்வஸ்டர், பி.ஏ., ஓ நெகடிவ்." போன வருஷம் எல்லோருக்கும் ரத்த வகை பார்த்தபோது, இது லேசில் யாருக்கும் வாய்க்காத வகை என்று யாரோ சொல்லித் தொலைத்தார்கள். மறுநாளே பெயின்டர் வந்துவிட்டான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெஸிந்தா தினமும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போவாள். இன்றைக்குச் சிரிக்காமல் படியேறினாள். கொழுந்து பறிக்கும் பேச்சிக்குக் காலையில் பிரசவம். பிள்ளை சுகம். தாய்க்குத்தான் உதிரம் ஏகமாகப் போய்விட்டது. டாக்டர் போக்கை நிறுத்திவிட்டார், ஆனால் உடம்பில் மிச்சம் போதாது. அவளுக்கும் ஓ நெகடிவ். வெளியிலிருந்து ரத்தம் வரவழைக்கலாமென்றால் கூடலூர் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது.

"சார், பேச்சிக்கு ரத்தம் ஏத்தோணும், டிரான்ஸ்ஃபியூஷன் பண்ணோணுங்க."

சில்வஸ்டர் பேனாவை மூடினார். "அருமையான சொல் சிஸ்டர். லத்தீன். 'டிரான்ஸ்' என்றால் அந்தப் பக்கம். 'ஃபுண்டெரே' என்றால் ஊற்றுவது. செமினரியில் ரெண்டு வருஷம் படித்தேனே."

"நடந்துக்கிட்டே சொல்லுங்க."

"நானா? ரிப்போர்ட் அனுப்ப வேண்டியிருக்கே."

"டாக்டரும் உங்க லத்தீனைக் கேக்கோணும்னாருங்க."

டாக்டரே கேட்க ஆசைப்படுகிறார் என்றதும் கோட்டை மாட்டிக்கொண்டார். வழியெல்லாம் லத்தீன். விரலில் ஒரு சொட்டு எடுத்துப் பொருத்தம் பார்த்தபோதும் லத்தீன்.

"படுத்துக்கிட்டுச் சொன்னா மூச்சு வாங்காதுங்க," என்றாள் ஜெஸிந்தா.

படுத்தார். "பிரான்சில் முதன்முதலாக ஆட்டு ரத்தத்தை மனுஷனுக்கு..." ஊசி இறங்கியது. பேச்சு நின்றது.

"ஆடு என்னாச்சுங்க சார்?"

சில்வஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். புட்டியில் மட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் பேச்சி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அதற்கப்புறம்தான் அவள் அம்மா மூக்கம்மா டம்ளரும் வட்டாவுமாக இன்னும் படுத்தே கிடந்த சில்வஸ்டரிடம் வந்தாள்.

"என்னமோ பெரிய வார்த்தை சொன்னீங்களாமே. அப்படின்னா என்னங்க?"

"ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றுவதம்மா," என்றார் ஈனசுரத்தில்.

மூக்கம்மா ஒரு முழ நீளத்துக்கு டீயை ஆற்றினாள். "இவ்வளவுதானுங்களா? குடிங்க."

அடுத்த வாரம் பலகையில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. மட்டும் இருந்தது. ஜெஸிந்தா படியில் நின்று பார்த்தாள்.

"இடம் போதவில்லை சிஸ்டர்," என்றார் சில்வஸ்டர், ஃபைலிலிருந்து தலை நிமிராமல்.

"பரவால்லீங்க, உங்க ரத்த வகை எழுதின கார்டு எங்கிட்ட பத்திரமா இருக்குது. நாலு மாசம் போகட்டும், மறுபடி ரத்தம் எடுக்க வர்றேனுங்க. ஆட்டுக் கதை பாதியில நிக்குது."