இஞ்சிப் பச்சடிக்குத் தனியா ஒரு கட்டம்

"நான் கேட்டேம்லா அண்ணாச்சி! இஞ்சிப் பச்சடிக்குத் தனி விலை உண்டான்னு கேட்டேனா இல்லையா?"

"கேட்டீரு. கிடையாதுன்னு சொன்னேன்."

"கிடையாதுன்னு சொன்னதாலதான் ஃப்ரீன்னு எழுதி ஒரு கட்டம் வச்சேன். வேணும்ங்கிறவுக டிக் அடிச்சுக்கிடட்டும்னு."

"எவன் வே டிக் அடிப்பான்? சாப்பாட்டுக்கு இலை வேணுமா, தரையே போதுமான்னு கட்டம் வப்பீரா? சோத்துக்கு உப்பு வேணுமான்னு கட்டம் வப்பீரா?"

"இத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"இதையெல்லாமா சொல்லுவாவ? திருநேலில பொறந்து வளந்த ஆளுதான நீரு?"

"எங்க வீட்டுக் கல்யாணத்துல பிரியாணிதான் அண்ணாச்சி. சொதிக்கு நாங்க எங்க போக?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் கடையில உக்காந்து வழிச்சு வழிச்சுத் தின்னீரே, அப்ப இலை ஓரத்துல இருந்தது என்னன்னு நினைச்சீரு? அலங்காரமா?"

நான் உள்ள தேங்காய் திருவிக்கிட்டு இருந்தேன். கை ஓடல. ரெண்டு பேரும் நல்ல மனுசங்க. ஒருத்தருக்கொருத்தர் இப்படி சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல.

நான் கலைச்செல்வி. பாளையங்கோட்டையில கோர்ட்டுக்குப் பின்னாடி இருக்க சந்துல 'பிச்சைக்கண்ணு மெஸ்'னு ஒரு சாப்பாட்டுக் கடை, அது எங்க கடைதான். பிச்சைக்கண்ணு எங்க மாமனார் பேரு. சமையல் எங்க வீட்டுக்காரவுக பெருமாள்ராஜ். கல்லா, பொட்டலம், பாத்திரம் எல்லாம் நான். அவுக கூட சத்தம் போட்டது அஃப்சல். மேலப்பாளையத்துக்காரரு. ரொம்ப நாளு துபாய்ல இருந்துட்டு வந்து இங்கன பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காரு. எங்க கடை வெப்சைட்ட மாத்தி அமைச்சுத் தந்தது அவருதான். நான் அதிகம் எழுதிப் பழக்கம் இல்லாதவ. பேசுத மாதிரியே எழுதுதேன், பொறுத்துக்கிடுங்க.

சொதி பத்தித் தெரியாதவுகளுக்கு ஒரு வார்த்தை சொல்லிருதேன். எங்க பக்கத்துல கல்யாணத்துக்கு மறுநாளு மறுவீடு, அன்னைக்குப் பொண்ணு வீட்டுல மாப்பிள்ளை வீட்டாளுகளுக்குச் சொதிச் சாப்பாடு போடணும். தேங்காப்பால்ல காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற குழம்பு. தேங்காப்பாலு வயித்துல கனமா உக்காந்துக்கிடும்லா, அது செரிக்கதுக்கு இஞ்சிப் பச்சடி. அதில்லாம சொதி போட்டா ஒரு அயிட்டம் குறைஞ்சு போச்சுன்னு சொல்ல மாட்டாவ. வந்தவுக வயித்தப் பத்திக் கவலையே படாத வீடுன்னு சொல்லுவாவ. இப்ப அந்தச் சொதிய கடைகள்லயும் போடுதாவ. நாங்க ஞாயித்துக்கிழமை மட்டும் போடுவோம்.

எங்க பழைய வெப்சைட்டு யாரோ ஒருத்தர் எப்பவோ செஞ்சு குடுத்தது. திறந்த உடனே சாமி படம் வரும், பாட்டு ஓடும், அத நிறுத்த வழியே தெரியாது. மெனுவ அமுக்கினா கடைப் பலகைய போட்டோ எடுத்துப் போட்டிருக்கும். விரல வச்சு இழுத்து இழுத்துப் பெருசாக்கிப் பாக்கணும். பாத்து முடிச்சா கடைசியில போன்தான் பண்ணணும். ஞாயித்துக்கிழமை அவுக ஒரு கையில கரண்டி, காதுல போனு. பாதிப் போன எடுக்க முடியாது. எடுக்கலன்னா ஆளுக டெலிவரி ஆப்புல வேற கடைக்குப் போயிருவாவ. நாங்களும் ஆப்புல இருந்தோம். அவன் கமிஷன் பிடிச்சுக்கிட்டுத் தந்தது கேஸ் சிலிண்டருக்கே காணல.

"நம்ம சைட்டுக்கே நேரா ஆர்டர் வந்தா கடை நிக்கும் கலை. வரலன்னா பூட்டிருவோம். இதுக்கு மேல இழுக்க முடியாது"ன்னு அவுக சொன்னாவ. அப்படி ஒரு நிலையிலதான் அஃப்சல்கிட்ட போனோம்.

அவரு நல்லாத்தான் செஞ்சாரு. அதையும் சொல்லணும்லா. ஒவ்வொரு அயிட்டத்துக்கும் படம், பக்கத்துல தமிழ்ல பேரு, கூட்டல் குறி, கழித்தல் குறி. கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிஞ்சுது. பாஸ்வேர்டு கீஸ்வேர்டு ஒண்ணும் கிடையாது. ஆர்டர் போட்டா எங்க கல்லா மேசையில ஒரு சின்ன மெஷின்ல சீட்டு வரும். போன் நம்பர மட்டும் எல்லாத்துக்கும் அடியில பொடி எழுத்துல போட்டுட்டாரு. "போன் நம்பர் மேல இருந்தா எல்லாரும் பழையபடி போனத்தான் பண்ணுவாவ மைனி, பழக்கம் மாறாது"ன்னாரு. சரின்னோம்.

முத ஞாயித்துக்கிழமை சீட்டு மேல சீட்டு. முக்கால்வாசி ஹாஸ்டல் பிள்ளைய. ஒரு சீட்டுலயும் இஞ்சிப் பச்சடி இல்ல. நான் கேட்டேன், இது என்னன்னு. "ஹாஸ்டல் பிள்ளையலுக்கு இஞ்சி ஆகாதுட்டி. வேண்டாம்னு விட்டிருக்கும். சீட்டுல உள்ளத மட்டும் கட்டு, வீணா எதுக்குக் குப்பையில போட?"ன்னாவ. அவுக முகத்துல அவ்வளவு சந்தோசம். போன் அடிக்காத ஞாயித்துக்கிழமைய அவுக கண்டதே இல்லலா. கடைக்கு வந்து போறவுககிட்டயெல்லாம், "இனிமே வாயால சொல்லாதிய, பட்டன அமுக்குங்க"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாவ.

அப்படி அவுக சொன்ன ஆளுகள்ல ஒருத்தவுக பிரம்மநாயகி டீச்சர். ஸ்கூல் விட்டுப் போகும்போது எங்க கடையில குழம்பு வாங்கிட்டுப் போறவுக. வீட்டுக்காரரு இல்ல, ஒரே மக. அன்னைக்கு வந்து, "பெருமாள், அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பெரிய..."ன்னு ஆரம்பிச்சாவ. அவுக முடிக்க விடல. "டீச்சர், பட்டன்! பட்டன்!"னாவ இவுக. டீச்சரும் சிரிச்சுட்டு, "சரிப்பா, உன் பட்டனையே அமுக்குதேன்"னு போயிட்டாவ.

மகளுக்குக் கோயில்ல வச்சு, பத்திரிகை கூட அடிக்காம கல்யாணம். எங்களுக்குத் தெரியாது. ஆர்டர் போட்டது மக போன்ல இருந்து. சீட்டுல வந்த பேரு 'பிரியா'. டீச்சர் மக பேரு எங்களுக்கு அப்பத் தெரியாது. தெரு ஹாஸ்டல் இருக்க தெரு. அளவு மட்டும் பெருசு. "ஏதோ ஹாஸ்டல்ல பர்த்டே பார்ட்டி போல"ன்னாவ அவுக. நான் சொதி, சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம், பாயாசம் எல்லாம் கட்டினேன். டீச்சர் வீட்டு ஆளுக வேன்ல வந்து எடுத்துட்டுப் போனாவ. வந்தது யாருன்னு எங்களுக்குத் தெரியல.

மத்தியானம் போன் அடிச்சுது. டீச்சர் குரலு.

"பெருமாள், இஞ்சிய எதுல வச்சிருக்க? எல்லாத்தையும் திறந்து பாத்துட்டோம்."

"என்ன இஞ்சி டீச்சர்?"

"சொதிக்குத்தாம்பா. சம்பந்தி வீட்டாளுக உக்காந்தாச்சு. இலை போட்டாச்சு."

அவுக மூஞ்சிய நான் பாத்தேன். ரத்தமே இல்ல. "டீச்சர், அது உங்க மறுவீடா?"ன்னு மட்டும் கேட்டாவ. பதிலுக்கு நிக்கல. கடையில இலைக்கு வச்சது தீந்திருந்துச்சு. நான் இஞ்சிய மிக்சியில போட்டு அரைச்சுத் தாளிச்சுத் தந்தேன். ஒரு தூக்குச்சட்டியில ஊத்திக்கிட்டு வண்டிய எடுத்தாவ.

போய்ச் சேரும்போது இலைய மூடிட்டாவளாம். மாப்பிள்ளையோட அத்தை வாசல்ல செருப்பத் தேடிக்கிட்டே சத்தமா சொன்னாவளாம்: "கடையில வாங்கிப் போட்டது ஒரு சீரு. அதுலயும் இஞ்சி கிடையாது. இன்னும் எதெத குறைச்சு அனுப்பியிருக்காவளோ, வீட்டுல போயி பிரிச்சுப் பாத்தாத்தான் தெரியும்." பொண்ணு அங்கனதான் நின்னுக்கிட்டு இருந்திருக்கா.

டீச்சர் இவுகள ஒரு வார்த்தை வையல. "நீ பைய போ பெருமாள், வெயிலு"ன்னு மட்டும் சொன்னாவளாம். வஞ்சிருந்தா இவுக தாங்கியிருப்பாவ. தூக்குச்சட்டி மூடி திறக்காம அப்படியே வந்துச்சு.

அந்தப் பேச்சு எப்படித்தான் பரவுச்சோ. 'பிச்சைக்கண்ணு மெஸ்ல மறுவீட்டுச் சொதிக்கு இஞ்சி இல்லையாம்'னு ஊர் வாட்ஸப் குரூப்புல எல்லாம் ஓடுச்சு. சைட்டுலயும் எழுதுனாவ. ஒருத்தரு, 'அடுத்து சொதிக்குத் தேங்காய் வேணுமான்னு கேப்பாவ போல'ன்னு எழுதியிருந்தாரு. அதுக்கு எத்தனயோ பேரு சிரிச்சிருந்தாவ. அடுத்த ஞாயித்துக்கிழமை மெஷினு சத்தமே குடுக்கல. பேப்பர் தீந்து போச்சான்னு நானே திறந்து பாத்தேன். முழுசா இருந்துச்சு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் முதல்ல எழுதுன சண்டை. கடைசியில அஃப்சல் லேப்டாப்ப எடுத்து என்னமோ தட்டினாரு. "இந்தா அண்ணாச்சி, எடுத்துட்டேன். இனிமே கட்டமே கிடையாது. சொதின்னா கூடவே இஞ்சிப் பச்சடி. பாருங்க."

"எடுத்துட்டீரா?"

"எடுத்துட்டேன்."

"இவ்வளவு சீக்கிரமாவா?"

"இதுல என்ன இருக்கு அண்ணாச்சி, ஒரு நிமிச வேலை."

"டீச்சர் வீட்டுல நடந்ததையும் எடுத்துருவீரா வே?"ன்னு கேட்டாவ. அஃப்சல் லேப்டாப்ப மூடிக்கிட்டு எந்திரிச்சாரு. போகும்போது என்னப் பாத்து, "மைனி, எனக்கு நெசமாவே தெரியாது. அல்லா மேல ஆணை"ன்னாரு. எனக்குத் தெரியும்னேன். அவரு மேல என்ன தப்பு? கேக்காம செஞ்சாரா? கேட்டுத்தான செஞ்சாரு.

நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். கதவத் திறந்து உக்காரச் சொல்லி காப்பி குடுத்தாவ. பிரியா எப்படி இருக்கான்னு கேட்டேன்.

"அங்க அவளுக்கு 'இஞ்சி'ன்னு பேரு வச்சிருக்காவ கலை. சாப்பிட உக்காரும்போதெல்லாம், 'இஞ்சி வந்துட்டாளா?'ன்னு கேக்காவளாம். தமாசுக்குத்தான்னு சொல்லுதா. போன்ல அவளும் சிரிக்கா. முன்னால தினமும் பேசுவா. இப்ப குறைச்சுட்டா."

நான் அழுதேன். அவுக அழல.

"உங்க மேல எனக்குக் கோவம் கிடையாது. அந்தக் கட்டத்த நான் பாத்தேன். பிரியா பக்கத்துல இருந்து, 'அம்மா, இத டிக் பண்ணணுமா?'ன்னு கேட்டா. 'அது தன்னால வரும்டி, அதப் போயி கேப்பாவளா'ன்னு நான்தான் சொன்னேன். டிக் அடிக்காம விட்டா வராதுன்னு எனக்குத் தோணவே இல்ல."

அத வந்து எங்க வீட்டுக்காரவுககிட்ட சொன்னேன். ஆறுதலா இருக்கும்னு நினைச்சுச் சொன்னேன். அது இன்னும் ஒடச்சுப் போட்டுட்டு. அதுல இருந்து ஒரே பேச்சுதான். "டீச்சர் டிக் அடிக்காதது தப்பு கிடையாது. நானா இருந்தாலும் அடிச்சிருக்க மாட்டேன். அப்ப சீட்டுல இஞ்சி இல்லன்னதும் எனக்கு ஏன் உறைக்கல? இந்த ஊர் நாக்கு தெரியாதவன் எதுக்குக் கரண்டி பிடிக்கணும்?" இதையே சொல்லிச் சொல்லி உக்காந்திருக்காவ. போன வாரம் சொதி போடல. அடுப்ப விக்கதுக்கு ஆள் கேட்டிருக்காவ. நான் தடுக்கல. என்ன சொல்லித் தடுக்க? சைட்டு இப்ப நல்லாத்தான் இருக்கு. இஞ்சிப் பச்சடி படத்தோட வருது. வாங்கதுக்குத்தான் ஆளு இல்ல.

நேத்து சாயங்காலம் எங்கிட்ட கேட்டாவ: "கலை, எல்லாரும் டீச்சர் மாதிரித்தான் கட்டத்த விட்டிருப்பாவளா? எவனாவது ஒருத்தன் டிக் அடிச்சிருப்பானா? அடிச்சிருந்தும் சீட்டுல வரலன்னா அது மெஷின் தப்பு. ஒருத்தனும் அடிச்சிருக்க மாட்டான்னா, அது எனக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய விசயம்." எந்தப் பதில் வந்தா அவுக மனசு நிக்கும்னு எனக்குத் தெரியல. ஆனா ஏதாவது ஒரு பதில் வேணும். இல்லன்னா அடுப்பு போயிரும், அது போனா அவுகளும் அவ்வளவுதான்.

அதனால உங்ககிட்ட கேக்கேன். நீங்க போன்ல சொதி ஆர்டர் போடும்போது, கீழ 'இஞ்சிப் பச்சடி'ன்னு ஒரு கட்டம் இருந்தா டிக் அடிச்சிருப்பியளா, தன்னால வரும்னு விட்டிருப்பியளா? அடிச்சிருப்பேன்னாலும் எழுதுங்க, விட்டிருப்பேன்னாலும் எழுதுங்க. வைய்யணும்னா வஞ்சே எழுதுங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதிருங்க. அவுகளுக்கு நான் படிச்சுக் காட்டணும்.