சர்வருக்குச் சந்தனப் பொட்டு

விஜயதசமியன்று காலை எட்டு மணிக்கு நான் அச்சகத்துக்குள் நுழைந்தபோது சர்வரின் நெற்றியில் சந்தனம் இருந்தது. அதன்மேல் குங்குமம், தலையில் ஒரு முழம் சாமந்தி, பக்கத்தில் இலையில் பொரிகடலை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, பச்சை விளக்குதான் எரியவில்லை.

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் இந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை எல்லாம் என் தலையில்தான். அடுத்த வருடக் காலண்டர்கள் நூற்று நாற்பது கடைகளுக்கு டிசைன் முடிந்து, அந்த ஒரு சர்வர் பெட்டிக்குள் இருந்தன. கடைக்காரரின் அப்பா படத்துக்கு மாலை பெரிதாக வேண்டும், முருகன் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நாலு தடவை மாற்றியிருப்பேன்.

"யாரு இதை அணைச்சது?" என்று கத்தினேன்.

ஃபோர்மேன் சோணைமுத்து அண்ணன் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். "நான்தான் பாப்பா. நேத்து ஆயுத பூஜைல்லா? அம்புட்டு மெஷினும் ஓஞ்சு கெடக்கு, இது மட்டும் உர்ருனு ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. பாவம், ஒரு நா ஓயட்டும்னு பின்னாடி சுவிட்ச அமத்திட்டேன்."

"எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாதுன்னு செவப்பு எழுத்துல ஒட்டிருக்கேனே, பாக்கலையா?"

"பாத்தேன். அது மத்த நாளைக்குன்னு நெனச்சேன்."

இந்த மனுஷனை என்ன செய்ய? முந்தின நாள் கிளம்பும்போது, எல்லாக் காலண்டர்களையும் ஊர்வாரியாகப் பிரித்து இடம் மாற்றும் வேலையைக் கொடுத்து, அதைத் தானாக ஓடவிட்டுப் போயிருந்தேன். அது ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் ஓய்வு கொடுத்திருக்கிறார். சுவிட்சைப் போட்டேன். சர்வர் ஓடத் தொடங்கியது. டிஸ்க் திறக்கவில்லை.

ஒன்பது மணிக்கு முதலாளி ராஜபாண்டியன் அண்ணாச்சி பட்டு வேட்டியில் குடும்பத்தோடு வந்தார். விஜயதசமியன்று பத்தே முக்காலிலிருந்து பதினொன்றே முக்காலுக்குள், நல்ல நேரத்தில், புதுக் காலண்டரின் முதல் தாளை ஓட்டுவது எங்கள் கம்பெனி வழக்கம். ஃபைல் இல்லாமல் பிளேட் போட முடியாது, பிளேட் இல்லாமல் தாள் ஓடாது. விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் சிவந்துவிட்டது.

"இருவது வருசமா இருக்கோம்னு எதுல வேணாலும் கைய வைப்பியா?" என்று சோணைமுத்து அண்ணனைப் பிடித்தார். "வெளிய போயி நில்லு. ஃபைலு வரலைன்னா அப்படியே வீட்டுக்குப் போயிரு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பேக்கப் வச்சிருக்கேல்லா? தெனமும் ஏத்துதேன்னு சொன்னியே."

பேக்கப் டிஸ்க்கை ஆவணி மாதம் தங்கச்சி கல்யாண வீடியோவுக்காக நானே துடைத்துக் கொடுத்திருந்தேன். அது காரியாபட்டியில் அவள் மாமியார் வீட்டு டி.வி.யில் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் வாங்கிவிடலாம் என்றே இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

"அது பழசு அண்ணாச்சி," என்றேன். "இதுலயே பாத்துருதேன்."

ஜன்னல் வழியே பார்த்தால், சோணைமுத்து அண்ணன் சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கருப்பம்மாள் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். போன வருடம் இரண்டு அறை தள்ளி வெடித்ததில் ஒரு மாதம் அவருக்குக் காது கேட்கவில்லை. சித்திரையில் அண்ணனுக்கு ஃபோர்மேன் சம்பளம் வந்ததும், இந்தத் தீபாவளியோடு கருப்பம்மாளை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. ஒரு மாதமாக அச்சகத்தில் டீ குடிக்க வருகிறவர்களிடம்கூட அண்ணன் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இப்போது அவர் குரல் உள்ளே வரை கேட்டது.

"நீ வேலைய விட்டு நின்னுராத. தீவாளி கழிச்சும் வாறேன்னு உங்க மேஸ்திரிகிட்ட சொல்லிரு. ஏன்னு வந்து சொல்லுதேன்."

அவர் செய்தது முட்டாள்தனம். நான் செய்தது திருட்டுத்தனம். வெளியே நிற்பது அவர் மட்டும்.

டிஸ்க்கைப் பழுது பார்க்க ஒரு புரோகிராம் உண்டு. தனக்குப் புரியாததை எல்லாம் பெயரைப் பிடுங்கிவிட்டு வெறும் எண்ணோடு ஒரு மூலையில் குவித்துவிடும். ஒரு தடவை அதில் சூடு பட்டிருக்கிறேன். அதனால் டீபக்எஃப்எஸ் என்ற இன்னொன்றை எடுத்தேன். கறுப்புத் திரையில் கட்டளைகளை ஒவ்வொன்றாக எழுதித்தான் அதோடு பேச வேண்டும். டிஸ்க்கைக் குடோன் என்று வைத்துக்கொண்டால், எந்தச் சரக்கு எந்த எண்ணில் இருக்கிறது என்ற பதிவேட்டை மட்டும் அது பிரித்துக் காட்டும். நாமாகக் கேட்காதவரை ஒரு புள்ளிகூட மாற்றாது.

பதிவேட்டைப் பிரித்தேன். எல்லாக் காலண்டர்களும் இருந்த 'காலண்டர்' ஃபோல்டரின் பெயரே அதில் இல்லை. பெயர் போனால் சரக்கும் போய்விட்டது என்று அர்த்தமில்லை, எண் தெரிந்தால் எடுத்துவிடலாம். ஆனால் எண்ணுக்கு எங்கே போக? கோடிக்கணக்கில் இருக்கின்றன.

மேலும் கீழும் தேடினேன். முந்தின நாள் முதலில் இடம் மாறிய 'சாத்தூர்' ஃபோல்டர் மட்டும் வெளியே தனியாகக் கிடந்தது. எந்த ஃபோல்டரும் தன்னை வைத்திருக்கும் பெரிய ஃபோல்டரின் எண்ணை உள்ளே குறித்து வைத்திருக்கும். சாத்தூர் வெளியே வந்துவிட்டாலும், அந்தக் குறிப்பு மாறுவதற்குள் கரண்டு போயிருந்தது. பொருட்காட்சியில் தொலைந்த பிள்ளை அப்பன் பெயரைச் சொல்கிற மாதிரி, அது 'காலண்டர்' ஃபோல்டரின் எண்ணை அப்படியே சொன்னது. அந்த எண்ணைக் கேட்டேன். ஃபோல்டர்தான், காலி இல்லை என்றது பதில். மணி பத்து இருபது.

வேறொரு டிஸ்க் இருந்தால் எதையும் தொடாமல் மொத்தத்தையும் அதில் இறக்கியிருக்கலாம். அந்த வேறொரு டிஸ்க்தான் காரியாபட்டியில் கல்யாணம் பார்த்துக்கொண்டிருக்கிறதே. பதிவேட்டிலேயே கை வைத்து எழுதுவதைத் தவிர வழியில்லை. எழுதும் அனுமதியோடு மறுபடி திறந்தேன். இந்த எண்ணுக்கு 'காலண்டர்' என்று பெயர் போடு என்று கட்டளையை அடித்தேன். ஓர் இலக்கம் தப்பினாலும் இருப்பதும் போய்விடும். எட்டு இலக்கத்தையும் விரலை வைத்து மூன்று தடவை சரிபார்த்தேன். இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு என்டரைத் தட்டினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அந்தத் திரையில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் எல்லாம் நல்லபடியாக நடந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பழுது பார்க்கும் புரோகிராமை ஓடவிட்டேன். சில்லறைத் தப்புகளைத் திருத்திவிட்டு அது வாயை மூடிக்கொண்டது. டிஸ்க் திறந்தது. விருதுநகர் பருப்புக் கடை, அருப்புக்கோட்டை ஜவுளிக் கடை என்று பெயர்கள் வரிசையாக இறங்கின. ஒரு ஃபைலைத் திறந்தேன். பருப்புக் கடைக்காரரின் அப்பா மாலையும் மீசையுமாக முழுசாக இருந்தார். நாலு தடவை திட்டிக்கொண்டே திருத்திய அந்த முகத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னேன்.

"வந்துருச்சு அண்ணாச்சி!"

அண்ணாச்சி ஓடி வந்து பார்த்தார். "கெட்டிக்காரி!" என்று சிரித்தார். "பிளேட்டப் போடு. ஸ்ரீராம்குமாரு மெஷின ஓட்டட்டும்." ஸ்ரீராம்குமார் அவர் அக்கா மகன், மெஷினில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "இனி அவந்தான் ஃபோர்மேன். சோணைமுத்து கீழ ஹெல்ப்பரா இருக்கட்டும். வேலைய விட்டு அனுப்பலைல்லா, அதுவே பெருசு."

ஹெல்ப்பர் சம்பளத்தில் கருப்பம்மாள் எப்படி வேலையை விட்டு நிற்பது? வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் கெட்டிக்காரி. என்னால் முடியவில்லை.

"அண்ணாச்சி, பேக்கப் பழசு இல்ல, பேக்கப்பே இல்ல. டிஸ்க்க நாந்தான் துடைச்சு என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன். ரெண்டு மாசமா உங்ககிட்ட பொய் சொல்லிக்கிட்டு இருந்தேன். அது இருந்திருந்தா சோணைமுத்து அண்ணன் அணைச்சது அரை மணி நேர வேலை. தண்டனைன்னா எனக்குத்தான் மொதல்ல."

அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய அக்கா மகன் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"சீசன் நேரத்துல ரெண்டு பேரையும் அனுப்பிட்டு நான் என்ன, பொரிகடலை விக்கவா?" என்றார் அண்ணாச்சி. "டிஸ்க்கு நாளைக்கு இங்கன இருக்கணும். உன்னைய நாளைக்கு வச்சுக்கிடுதேன். நேரம் போகுது, சோணைமுத்துவக் கூப்பிடு. மெஷின அவனே ஓட்டட்டும். எல்லாம் பழையபடியே இருக்கட்டும்."

நான் வெளியே ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். சோணைமுத்து அண்ணனுக்கு முதலில் முகம் மலர்ந்தது, பிறகு சுருங்கியது.

"ஏம் பாப்பா, இதைக் காலையிலயே சொல்லப்படாதா? அவகிட்ட நிக்காதன்னு சொல்லித் தொலைச்சிட்டனே."

"நீங்க மெஷினுக்குப் போங்கண்ணே. அக்காகிட்ட நான் பேசுதேன்."

அவர் போனைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். மணி பதினொன்றே கால். கருப்பம்மாள் முதல் மணியிலேயே எடுத்தார்.

"அக்கா, நான் பானுப்பிரியா. அண்ணனுக்கு வேலை அப்படியே இருக்கு. சம்பளமும் அதேதான். நீங்க தீவாளியோட நின்னுக்கிடலாம்."

"நெசமாவா தாயி?"

"நெசமாத்தான் அக்கா."

"தீவாளி கழிச்சும் வாறேன்னு இப்பத்தான் மேஸ்திரி வீட்டுல போயிச் சொல்லிட்டு வந்தேன். இரு, வரலைன்னு சொல்லிட்டு வந்துருதேன்."

போனை அணைக்கக்கூட இல்லை. செருப்பை மாட்டும் சத்தமும், வேகமாகப் போகும் காலடிச் சத்தமும் கேட்டன.