சனிக்கிழமை வாசகம்

மூன்றாம் வகுப்பு டீனா ஒரு சொல்கூடப் பிசகாமல் பாடத்தைக் கணீரென்று வாசித்தாள். கையிலிருந்த புத்தகத்தில் திறந்திருந்தது வேறு பாடம். அதனால்தான் அவளுடைய அம்மா ஜான்சியும் அப்பா நோயலும் தேனாம்பேட்டையில் அன்வரி பேகம் என்ற கற்றல் குறைபாட்டு நிபுணர் முன்னால் உட்கார வேண்டி வந்தது.

"கெட்டிக்காரப் பொண்ணு. எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரலை. அது தெரியாம இருக்க, காதால கேட்டு மனப்பாடம் பண்ணிடறா," என்றார் அவர். "கொஞ்சம் ரத்தத்துல வரும், கொஞ்சம் வீட்டுச் சூழ்நிலை. உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்துதா?"

வீட்டைக் குறை சொல்ல வழியில்லை. ஜான்சி டீச்சர், பிள்ளை வயிற்றிலிருக்கும்போதே புத்தக அலமாரி வாங்கியவள். ஆக, ரத்தம்தான். அதற்கு நோயலின் அக்கா தங்கம் தீர்ப்பைத் தயாராக வைத்திருந்தாள்.

"எங்க நோயல் ஏசி மெக்கானிக்தான். ஆனா கோயில்ல இன்னாமா பைபிள் வாசகம் படிக்கிறான்! உங்க பவுல்சாமி மாமாதான் பத்தாவதுல ஃபெயிலாகி கோட் அடிச்சாரு."

ஜான்சியின் தாய்மாமா பவுல்சாமி செத்துப் பல வருஷம் ஆகிறது. கல்லறையிலும் மனுஷனுக்கு நிம்மதி இல்லை. ஜான்சியோ அதை நம்பிவிட்டாள். தன் ரத்தம் பிள்ளையைக் கெடுத்துவிட்டதே என்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே நின்ற நோயல், "இன்னிக்கு தண்ணி லாரி வராது, ஜான்சி," என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல் மறுநாள் வாசகத்தை அவள் அவனுக்கு வாசித்துக் காட்டினாள். கல்யாணமானதிலிருந்தே அப்படித்தான். "உன் குரல்ல கேட்டாதான் மனசுல நிக்குது," என்பான். இன்னொரு தரம் என்பான், மறுபடியும் என்பான். இந்தப் பைத்தியக்காரி அதைக் காதல் என்று எண்ணியிருந்தாள். டீனாவும் தரையில் படுத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஞாயிறு பூசையில் நோயல் பாதி வாசகத்தில் இருந்தபோது, பக்கத்திலிருந்த மின்விசிறி அவன் பக்கம் திரும்பியது. புத்தகத்தில் நாலைந்து தாள் படபடவென்று புரண்டது. நோயல் புரண்ட பக்கத்தைப் பார்த்தபடியே தடுமாறாமல் தொடர்ந்தான். முன்வரிசை அம்மா ஒருவர் உருகிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

ஜான்சிக்கு வேறு பாடம் திறந்திருந்த டீனாவின் புத்தகம் நினைவுக்கு வந்தது. திரும்பினால், டீனா வெறுங்கையோடு உதட்டை அசைத்து, அப்பாவோடு வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்ததும் வாசலில் அவனைப் பிடித்தாள். "பாவி மனுஷா! நான் அப்படி அழுதப்ப வாயைத் திறந்தியா நீ?"

நோயல் தலையைத் தொங்கப்போட்டான். "சின்ன வயசுலருந்தே எழுத்தெல்லாம் நழுவிக்கினே போவும். வெக்கமா இருந்துச்சு, ஜான்சி."

"அப்பா, உனக்குமா?" என்றாள் டீனா. "எனக்கு மூணு சுழி ண-தான் ரொம்ப ஓடும்."

"எனக்கும் அதேதான்டா."

டீனா அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை ஜான்சி பார்த்து எத்தனையோ நாளாயிற்று. திட்ட வந்தவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

அதற்குள் தங்கம் வந்துவிட்டாள். "தாளே புரண்டும் அசரலியே என் தம்பி!"

"அக்கா, பவுல்சாமி மாமாவை விட்டுரு. டீனாவுக்கு என்னாண்டருந்துதான் வந்துச்சு. எனக்குப் படிக்க வராது."

தங்கத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அப்போ இத்தினி வருஷமா கோயில்ல படிச்சது யாருடா?"

"ஜான்சி," என்றான் நோயல்.